‘லெட் டவுன்’: ஏமாற்றுவதா, கைவிடுவதா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கினேன். பரீட்சையில் தேறாத மகனைப் பார்த்துத் தந்தை ‘யூ லெட் மீ டவுன்’ என்கிறார். ‘நீ என்னை ஏமாற்றிவிட்டாய்’ என்று எழுதினேன். கைப்பிரதியைப் படித்த நண்பர், “மகன் என்ன பொய் சொன்னான்?” என்று கேட்டார். கதையில் அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. நான்தான் அவனைப் பொய்யனாக்கியிருந்தேன்.

‘லெட்’ என்றால் விடு. ‘டவுன்’ என்றால் கீழே. கீழே இறக்குதல் என்பதே நேர்ப்பொருள். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், தமஸ்கு நகரில் பவுலைக் கொல்லக் காத்திருந்தோரிடமிருந்து அவரைத் தப்புவிக்க, சீடர்கள் இரவிலே கூடையில் வைத்து மதில்வழியாக இறக்குகிறார்கள். அங்கே வரும் வினை இதுதான். அங்கு அது உயிர்காக்கும் செயல்.

பேச்சுவழக்கிலோ அதே சொற்கள், நம்பியிருந்தவருக்கு உதவாமற் போவதைக் குறிக்கின்றன. வருவதாகச் சொன்ன நண்பர் வராவிட்டாலும், அவசரவேளையில் கார் இயங்க மறுத்தாலும் ஆங்கிலேயர் இதையே சொல்வர். காருக்கு வஞ்சக எண்ணம் ஏது? ஆகவே இத்தொடருக்கு வஞ்சனை அவசியமில்லை. ஒருவர் நம்பியிருந்தார் என்பதே போதும்.

இலக்கணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘என்னை’, ‘உன்னை’ என்னும் பொருள்தரும் சொற்கள் இவ்விரண்டுக்கும் நடுவிலேயே வரவேண்டும். ‘லெட் டவுன் மீ’ என்பது பிழை. ‘ஜென்ட்லி’ என்பதைச் சேர்த்தால், கசப்பான மறுப்பை மனம் நோகாமற் சொல்வது என்றாகிவிடும். மதிலிலிருந்து கூடையை மெல்ல இறக்கியவர்களின் கைப்பக்குவம் அதில் இன்னும் இருக்கிறது.

தமிழில் இதற்கு நெருங்கிவருவது ‘கைவிடு’. அதிலும் ‘விடு’ இருக்கிறது. ஆயினும் ‘என்னைக் கைவிட்டாய்’ என்றால், மகன் தந்தையைப் பராமரிக்காது போய்விட்டான் என்றே நம்மவர் கொள்வர். ‘காலை வாரிவிட்டாய்’ என்றாலோ வஞ்சனை வந்துவிடும்.

ஈற்றில், ‘உன்னை எவ்வளவு நம்பியிருந்தனான்!’ என்று எழுதினேன். எந்த அகராதியும் இத்தொடருக்கு இப்படிப் பொருள் சொல்லாது. ஆனால் தந்தையின் துயரம் குறையவில்லை. மகன்மேல் இல்லாத பழியும் விழவில்லை. நண்பரிடம் மீண்டும் காட்டினேன். இம்முறை அவர் மகனைப் பற்றிக் கேட்கவில்லை. “பாவம், அந்த மனுசன்” என்றார்.