நடந்து பார்த்தால் தெரியும் நம் ஊர்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

சற்று முன்பு செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் வாசித்தளித்தார்கள். கடை வாடகை, சந்தா, நன்கொடை, பழுதுபார்ப்புச் செலவு என எல்லாம் அதில் உள்ளன. ஆனால் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத ஒரு சொத்து நம்மிடம் இருக்கிறது. அது ஆண்டுதோறும் குறைந்து வருகிறது; குறைவதை எந்தத் தணிக்கையாளரும் சுட்டிக்காட்டுவதில்லை. நம் ஊரைப் பற்றி நம் பெரியவர்களின் நெஞ்சில் உள்ள நினைவே அந்தச் சொத்து. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

கோட்டை எங்கே?

இதற்குக் காரணமாக அமைந்தது ஒரு மாணவரின் கேள்வி. "கோட்டை, கோட்டை என்கிறீர்களே, கோட்டை எங்கே இருக்கிறது?" என்று மாலை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான். சேலத்திலேயே பிறந்து வளர்ந்த நம்மில் ஒருவருக்கும் உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஜ்ருத் தொழுகை முடிந்ததும் 11 பேர் நடந்து புறப்பட்டோம். மாணவர் 8 பேர், நிர்வாகிகள் இருவர், எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர். வாகனம் வேண்டாம் என்று சொன்னவர் அந்தப் பெரியவர்தாம்.

கோட்டை என்ற பெயர் நிலைத்துவிட்டது, மதில்கள் நிலைக்கவில்லை. ஆயினும் அந்தப் பெயருக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் இப்பகுதி மைசூர் ஹைதர் அலியின் ஆட்சியிலும், பின்னர் திப்பு சுல்தானின் ஆட்சியிலும் இருந்தது. 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீட் இங்கே நிர்வாகத்தை ஏற்றார். அவருக்குத் துணையாகப் பணிபுரிந்த தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரானவர். உழவரிடமே நேரடியாக வரி வசூலிக்கும் இரயத்துவாரி முறை இந்தச் சேலம், பாராமகால் சீமையில்தான் வேர்விட்டது. நம் வயல்களின் பட்டாவுக்கும் அந்தக் காலத்து நில அளவைக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னபோது, மாணவர்களின் முகத்தில் முதன்முறையாக ஓர் ஆர்வம் தோன்றியது.

திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள ஜாமிஆ மஸ்ஜித் நகரின் மிகப் பழமையான பள்ளிவாசல். திப்பு சுல்தான் இங்கே தொழுதார் என்பது தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் சொல்லி வந்த செய்தி. கேட்ட செய்தியைக் கேட்ட செய்தியாகவே அடுத்த தலைமுறைக்குச் சொல்வதும் அமானிதம்தான் என்று மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னோம்.

அந்தப் பகுதியிலேயே சிறிது தூர நடைக்குள் கோட்டை மாரியம்மன் கோயிலும் அழகிரிநாதர் கோயிலும் உள்ளன. அக்ரகாரத் தெருக்களும் அருகிலேயே உள்ளன. பாங்கொலியும் கோயில் மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வரும் இடம் அது. வண்டியில் போகும்போது இவை தனித்தனி இடங்கள். நடந்து போகும்போதுதான் இவை ஒன்றையொன்று பார்த்தபடி வாழ்ந்த ஒரே ஊர் என்பது புரிகிறது.

ஆற்றுப் பாலத்தில்

திருமணிமுத்தாற்றின் பாலத்தில் பெரியவர் நின்றுவிட்டார். சேர்வராயன் மலைப்பகுதியில் பிறந்து, சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. இன்று நகரின் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்து கறுத்துப் போயிருக்கிறது. மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, "சின்ன வயசுல இந்தத் தண்ணியில நாங்க ஒளு செஞ்சிருக்கோம் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பொத்திய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சுற்றுச்சூழல் பற்றி நாம் ஆற்றும் எத்தனையோ உரைகள் செய்யாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்தது.

அங்கிருந்து கடைவீதிகளின் வழியே செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தோம். வழியெல்லாம் பெயர்களைப் படிக்கச் சொன்னோம். பேட்டை என்றால் வணிகம் நடக்கும் இடம். பாளையம் என்றால் படையோ குடியோ இறங்கித் தங்கிய இடம். அக்ரகாரம் என்றால் அந்தணர் குடியிருப்பு. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, அரிசிப்பாளையம், கிச்சிப்பாளையம் என்று பெயர்ப்பலகைகளைப் படித்தாலே, இந்த நகரம் ஒரே நாளில் யாரோ வரைந்து கட்டியதன்று, பல சிற்றூர்கள் கைகோத்து வளர்ந்தது என்பது விளங்கும். 1866-இல் நகராட்சியாகி, 1994-இல் மாநகராட்சியான பிறகும் அந்தப் பழைய ஊர்கள் தம் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையின் பெயர் செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்தது என்பர். தானியமும் வெல்லமும் மூட்டை மூட்டையாக இறங்கும் லீ பஜார், அதனருகே சேலம் மார்க்கெட் இரயில் நிலையம், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் என அங்கே தெருவுக்குத் தெரு ஒரு தொழில். 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை நகருக்கு வெளியே சூரமங்கலம் பக்கமாகச் சென்றது. அதனால் சரக்கு இறங்கும் இடம் ஒன்றாகவும் விற்கும் இடம் வேறாகவும் இருந்தன. இடைப்பட்ட தூரத்தை மாட்டு வண்டிகள் கடந்தன. அந்த வண்டிச் சத்தம் எப்படி இருக்கும், எந்த முனையில் வண்டிகள் தண்ணீருக்கு நிற்கும் என்பதைப் பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

மறைக்காமல் சொல்ல வேண்டியது

நடந்து பார்ப்பது என்றால் இனிப்பானவற்றை மட்டும் பார்ப்பதன்று. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாணவர், "இந்த ஊரில் பெரிய கலவரம் நடந்ததாமே, உண்மையா?" என்று கேட்டார். உண்மைதான். 1882-ஆம் ஆண்டு, ஒரு பள்ளிவாசலையும் அதன் வழியே செல்லும் ஊர்வலத்தையும் பற்றிய தகராறு முற்றிக் கலவரமாக வெடித்தது. உயிர்களும் உடைமைகளும் பறிபோயின. அதில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அப்போது நகராட்சி உறுப்பினராயிருந்த வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார். அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

கதை அங்கே முடியவில்லை. 38 ஆண்டுகள் கழித்து, 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அதே விஜயராகவாச்சாரியார். கிலாபத் கோரிக்கையையும் உள்ளடக்கிய ஒத்துழையாமை இயக்கத்தை உறுதி செய்த மாநாடு அது. இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்ற காலம். ஓர் ஊரின் காயமும் அந்த ஊர் மனிதர் ஒருவரின் பின்னாளைய பயணமும் இப்படி ஒரே வரலாற்றில் இருக்கின்றன. பாதியை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

பெரியவர் இதை இன்னும் எளிமையாகச் சொன்னார்: "சண்டையைச் சொல்ற வாய், அதுக்கப்புறம் நூறு வருஷமா ஒரே சந்தையில யாவாரம் செஞ்சதையும் சொல்லணும் தம்பி. எங்க அத்தா கடைக்கு வெல்லம் கடனாத் தந்தது யாருன்னு நினைக்கிறே? எழுத்தில்லாம, வாய்ச்சொல்லுல தந்தாங்க." கலவரம் ஆவணங்களில் இருக்கிறது. 1883-இல் லெ பானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், 1918-இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த மாவட்ட விவரச் சுவடியும் நூலகங்களில் கிடைக்கின்றன. வாய்ச்சொல்லில் தரப்பட்ட வெல்லக் கடனை அத்தகைய நூல்களில் தேடிப் பயனில்லை. அது பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் அம்மாபேட்டை, குகைப் பக்கம் சென்றோம். தமிழும், தெலுங்கும், கன்னடமும், சௌராஷ்டிரமும் கலந்து ஒலிக்கும் நெசவாளர் தெருக்கள் அவை. நம் வீடுகளின் உருதுவையும் சேர்த்தால் ஒரு காலை நடையில் ஐந்து மொழிகள். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் பின்னால் எத்தனை கைகள் உழைக்கின்றன என்பதை மாணவர்கள் தறியின் அருகே நின்று பார்த்தார்கள். ஆடித் திருவிழாவில் குகையில் நடக்கும் வண்டி வேடிக்கையைப் பற்றி ஒரு நெசவாளர் ஆசையோடு விளக்கினார். புறப்படும்போது தேநீர் தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிற ஊர்கள் செய்தது

இது புதுமையான செயலன்று. குஜராத்தின் அகமதாபாத் 1411-இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம். 1997 முதல் அந்த மாநகராட்சி பழைய நகருக்குள் ஒரு நடைப்பயணத்தை நடத்தி வருகிறது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி, "போல்" எனப்படும் குறுகிய குடியிருப்புத் தெருக்களைக் கடந்து, 1424-இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஆ மஸ்ஜிதில் முடிகிறது அந்த நடை. 2017-இல் யுனெஸ்கோ அகமதாபாத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் நகரம் அதுவே. கசப்பான நாள்களைக் கண்ட அந்த நகரத்திலும் கோயிலில் தொடங்கிப் பள்ளிவாசலில் முடியும் ஒரு வழி இருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நம் தலைநகர் சென்னையிலும் 2004 முதல் ஆகஸ்டு மாதத்தில் சென்னை தினத்தையொட்டி இத்தகைய நடைகள் நடைபெறுகின்றன.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த நாமக்கல்லுக்கு ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். ஊரின் நடுவே ஒற்றைப் பாறை. அதன் இரு பக்கங்களில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் பாறையைக் குடைந்து அமைத்த பழைய குடைவரைகள். அடிவாரத்தில் கமலாலயக் குளம். படியேறி மேலே சென்றால் கோட்டை மதிலுக்குள் ஒரு பெருமாள் கோயிலும் ஒரு தர்காவும். அங்கே வீசிய காற்றில் நின்று கீழே பார்த்த மாணவர் ஒருவர், "சேலத்தில் கோட்டை போய்ப் பெயர் நின்றது, இங்கே இரண்டும் நின்றிருக்கின்றன" என்றார். கேள்வி கேட்ட அதே பிள்ளை!

எழுதாமல் விட்டது

இப்போது வருத்தமான செய்தியைச் சொல்ல வேண்டும். மூன்றாவது நடைக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு முன்பே அந்தப் பெரியவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் சொன்னவற்றில் குறிப்பேட்டில் இருப்பவை 14 பக்கங்கள் மட்டுமே. "அடுத்த தடவை சொல்றேன்" என்று அவர் ஒத்திவைத்தவை எத்தனை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளாக அவர் நம் பள்ளியின் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். நாம் ஸலாம் சொன்னோம்; கேள்வி கேட்கவில்லை.

இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, பொறுப்பும் இருக்கிறது. பழைய வக்ஃபு ஆவணங்களில் வடக்கே வாய்க்கால், கிழக்கே புளியமரம் என்று எல்லை எழுதியிருப்பதுண்டு. வாய்க்கால் மூடப்பட்டு, மரமும் வெட்டப்பட்ட பிறகு அந்த எல்லையைக் கைநீட்டிக் காட்டக்கூடியவர் யார்? நடந்து பழகிய ஒரு பெரியவர்தான். ஊர் மாறும் வேகமும் சாதாரணமன்று. நம் பழைய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு, 2023-இல் ஈரடுக்கு நிலையமாகத் திறக்கப்பட்டது. அதன் முந்தைய தோற்றத்தை இன்றைய சிறுவர்கள் அறியமாட்டார்கள். திண்ணை வைத்த ஓட்டு வீடுகளும் அவ்வாறே ஒவ்வொன்றாக மறைகின்றன. மாற்றத்தைத் தடுக்க நாம் கூறவில்லை; மறைவதற்கு முன் ஒருமுறை பார்த்து, எழுதி வைப்போம் என்கிறோம்.

எனவே ஜமாஅத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரம் ஒரு பகுதியை நடந்து பார்க்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் பார்வை குறையும். ஒரு பெரியவரும் ஒரு குறிப்பேடும் கட்டாயம்.

இரண்டாவது, மரியாதை. வீட்டு வாசலில் நின்று பேசும்போது அனுமதி கேட்க வேண்டும். பெண்கள் இருக்கும் இடத்தில் படம் எடுக்கக் கூடாது. பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்தில் அவர்கள் முறையை மதித்து, அவர்கள் அனுமதிக்கும் எல்லையில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, எழுதியவற்றைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு கோப்பாகப் பாதுகாக்க வேண்டும். அதில் நம்மவர் நினைவுகளோடு, நம் தெருவில் வாழும் மற்றச் சமுதாயப் பெரியவர்களின் நினைவுகளும் இடம்பெற வேண்டும். வெல்லக் கடன் தந்தவரின் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

பூமியில் நடந்து சென்று, முன் சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அந்தப் பயணம் நம் வாசற்படியிலேயே தொடங்கலாம். இன்று வீட்டுக்குப் போனதும், வீட்டில் உள்ள மூத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் சிறுவயதில் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனீர்கள்?" அவர் சொல்லும் வழியில் அடுத்த வாரம் அவரோடு நடந்து பாருங்கள். நடக்க இயலாதவராயின், சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை என்று மட்டும் ஒத்திவைக்காதீர்கள்.

மறைந்த பெரியவரின் மண்ணறையை இறைவன் ஒளிமயமாக்குவானாக! நம் ஊரில் அமைதியும் நல்லுறவும் என்றும் தழைக்க அவன் அருள்புரிவானாக! ஆமீன்.