நிறுத்தப்பட்ட கட்டடமும் கேட்கப்படாத கேள்விகளும்

(எமது வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'நகரத் திட்டமிடல்' எண்டு தலைப்புப் போட்டால் ஆக்கள் வரமாட்டினம் எண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்தின தோழர் எச்சரித்தவர். வந்திருக்கிறீங்கள், நன்றி. நான் கதைக்கப்போறது கட்டப்படாத ஒரு கட்டடத்தைப் பற்றி. இடம் யாங்கூன், ஆண்டு 2015.

யாங்கூனுக்குப் போகாதவர்களுக்கும் ஷ்வேடகோன் பகோடாவைப் படத்திலாவது தெரிந்திருக்கும். சிங்குத்தர என்ற குன்றின் மேல் ஏறக்குறைய 99 மீற்றர் உயரத்தில் பொன் பூசி நிற்கிறது. ஊரில் எங்கு நின்றாலும் அதைப் பார்த்துத் திசை சொல்லலாம். அந்தக் குன்றுக்கு அருகே 'டகோன் சிட்டி 1' என்ற பெயரில் ஒரு பெரிய திட்டம் வந்தது. அடுக்குமாடி வீடுகள், அலுவலகங்கள், கடைகள் எல்லாம் ஒன்றாக. மார்கா லேண்ட்மார்க் என்ற நிறுவனம் அதைக் கட்ட இருந்தது. பக்கத்தில் வேறு திட்டங்களும் இருந்தன, மொத்தம் ஐந்து. மியன்மார் முதலீட்டு ஆணைக்குழு அனுமதி கொடுத்திருந்தது.

எதிர்ப்பு எழுந்தது. உயரமான கட்டடங்கள் பகோடாவை மறைத்துவிடும் என்றார்கள். ஆழமாகத் தோண்டினால் நிலத்தடி நீரின் ஓட்டம் மாறி, குன்றின் மண்ணே நெகிழ்ந்துவிடும் என்றார்கள். 2015 தொடக்கத்தில் யாங்கூன் நகர அபிவிருத்திக் குழு, அதாவது அவர்களுடைய மாநகரசபை, வேலையை நிறுத்தச் சொன்னது. மறுஆய்வு நடந்தது. ஜூலையில் அரசாங்கம் ஐந்து திட்டங்களையும் ரத்துச் செய்தது. நிறுவனங்களுக்கு வேறு இடத்தில் நிலம் தருவோம் என்றும் சொன்னது.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் இதைப் படித்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். முதலாளி தோற்றான், மக்கள் வென்றார்கள் என்று ஒரு கட்டுரையும் எழுதினேன். நல்ல புள்ளிகூடக் கிடைத்தது. இன்று அந்தக் கட்டுரையோடுதான் சண்டை போடப்போறன்.

2019 கடைசியில் இரண்டு வாரம் யாங்கூனில் இருந்தேன். நகர மையத்தில், ஸ்ரீ காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடை. அந்தக் கோயில் 1871இல் தமிழர்கள் கட்டியது. கடையில் பழக்கமான ஒரு தமிழ் ஐயாவிடம், படிச்ச பெருமையோடு, டகோன் சிட்டிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிச்சார்.

"ஏம்மா, பகோடாவுக்கு ஆபத்துன்னா ஊரே வரும், வரணும். நானும் கும்புடுறவன்தான். இந்தத் தெருவுல எத்தனை பழைய வீட்ட இடிச்சுட்டு மாடி மாடியா ஏத்திட்டாங்க? குடியிருந்தவன் எங்க போனான்? அதை எந்தக் கமிட்டிம்மா கேட்டுச்சு?"

என்னிடம் பதில் இல்லை. லண்டனுக்குத் திரும்பி அந்தச் செய்திகளைத் திரும்பப் படித்தபோதுதான், நான் மூன்று கேள்விகளைக் கேட்கவே இல்லை என்று விளங்கியது.

முதல் கேள்வி: நிலம் யாருடையது?

டகோன் சிட்டி வர இருந்த நிலம் இராணுவத்தின் கையில் இருந்தது. பாதுகாப்பு அமைச்சின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத்தான் அந்த நிறுவனங்கள் வந்தன. நகரத்தின் நடுவில், மிக விலையுயர்ந்த இடத்தில், இராணுவத்துக்கு ஏன் இவ்வளவு நிலம்? அது எப்படி அவர்கள் கைக்கு வந்தது? மறுஆய்வில் பேசப்பட்டது உயரமும் மண்ணும் காட்சியும். திட்டம் ரத்தானது, நிலம் மக்களுக்குத் திரும்பவில்லை.

இதன் விளைவைப் பிறகு பார்த்தோம். அதே டகோன் பகுதியில், பழைய இராணுவ அருங்காட்சியகம் இருந்த இடத்தில், 'வை காம்ப்ளெக்ஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஹோட்டல், அலுவலகம், கடைத்தொகுதி. ஜப்பானிய நிறுவனங்களோடு ஜப்பான் அரசாங்கத்தின் வங்கியும் பணம் போட்டது. நில வாடகை ஆண்டுக்கு 20 லட்சம் டொலருக்கு மேல் என்றும், அது பாதுகாப்பு அமைச்சுக்குப் போகிறது என்றும் 2021 பெப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு ராய்ட்டர்ஸ் எழுதியது. அதன் பிறகே வேலை நிறுத்தப்பட்டது. 'இந்தக் கட்டடத்தால் பகோடா மறையுமா?' என்ற கேள்விக்கு 'மறையாது' என்று ஒரு பொறியியலாளர் கையெழுத்துப் போடலாம். 'இந்த வாடகையில் என்ன வாங்குவார்கள்?' என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

இரண்டாவது கேள்வி: யாருடைய குரல் கேட்கப்பட்டது?

மறுஆய்வு செய்த மாநகரசபைக்கு 2014 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. யாங்கூன்காரர் பல பத்தாண்டுகளாகக் காணாத தேர்தல். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. அந்த ஒரு வாக்கை வீட்டில் யார் போட்டிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மகள்களுக்கு, மருமகள்களுக்கு, அறையொன்றை வாடகைக்கு எடுத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு அங்கே இடம் ஏது?

அப்படியென்றால் அரசாங்கம் யாருக்குப் பயந்தது? கட்டடக் கலைஞர்களும் மரபுரிமை அமைப்புகளும் நியாயமாகத்தான் பேசினார்கள். யாங்கூனுக்கு ஒழுங்கான நில வலயச் சட்டம் அப்போது இல்லை, அது வேணும் என்றார்கள். ஆனால் நவம்பரில் பொதுத் தேர்தல் வர இருந்த நேரத்தில் அரசாங்கத்தை அசைத்ததில் பௌத்த பிக்குகளின் எச்சரிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் மா பா த என்ற தேசியவாத பிக்குகள் அமைப்பும் இருந்தது. அதே 2015இல், அந்த அமைப்பு கேட்ட நான்கு 'இன, மத பாதுகாப்பு'ச் சட்டங்களும் நிறைவேறின. மதம் மாறுவதற்கும் பௌத்தப் பெண் வேறு மதத்தவரை மணப்பதற்கும் கட்டுப்பாடு. அதே ஆண்டு மார்ச் இறுதியோடு 'வெள்ளை அட்டை'கள் செல்லாமல் போயின. அவற்றை வைத்திருந்த பெருந்தொகையான ரோஹிங்யா மக்கள் வாக்குரிமையை இழந்தார்கள்.

தோழர்களே, இது சங்கடமான இடம். ஒரு கோடை காலத்தில், ஒரே சக்தி, ஒரு கையால் டெவலப்பரை நிறுத்துது, மற்றக் கையால் சிறுபான்மையை நசுக்குது. என்ரை கட்டுரையில் முதல் கை மட்டும்தான் இருந்தது.

தமிழர் கதையையும் இதற்குள் வைத்துப் பாருங்கள். 1852இல் பிரிட்டிஷார் பிடித்த பிறகு, சூலே பகோடாவை நடுவில் வைத்து, கட்டம் கட்டமாகத் தெருக்களை அளந்து இந்த நகரத்தைப் போட்டார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் 4 லட்சம் பேரில் 2 லட்சத்து 12 ஆயிரம் பேர் இந்தியர்கள், பாதிக்கும் மேல். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்களும் இருந்தார்கள், முகல் தெருவில் கணக்குப் புத்தகத்தோடு இருந்த செட்டியார்களும் இருந்தார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் காற்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. பர்மிய விவசாயியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது, அதை நாங்கள் மறைக்கக்கூடாது. ஆனால் அந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தது கூலிகளும்தான். 1964 தேசியமயமாக்கலுக்குப் பிறகு ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அந்தக் கதையின் மிச்சம். தங்கினவர்களை 1982 குடியுரிமைச் சட்டம் தரம் பிரித்தது. இளஞ்சிவப்பு அட்டை முழுக் குடிமகன், நீலம் இணைக் குடிமகன், பச்சை குடியுரிமை பெற்றவர். அட்டை கையில் இல்லாதவர் கட்டடத் திட்டத்துக்கு ஆட்சேபனை மனு எழுதுவாரா? எழுதினால் முதலில் விசாரிக்கப்படுவது கட்டடமா, அவரா?

மூன்றாவது கேள்வி: அகற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்?

யாங்கூனில் இடப் பொருத்தம் பார்த்து ஏழைகளை அகற்றுவது புதிதல்ல. 1958–60 இராணுவக் காபந்து அரசாங்கம் நகர மையத்துக் குடிசைகளை அகற்றி, மக்களை ஒக்கலாப்பா, தக்கேத்தா என்ற புது நகரங்களுக்கு அனுப்பியது. 1988 எழுச்சியை நசுக்கிய பிறகு அடுத்த அலை. இந்தமுறை லைங் தாயார், ஷ்வே பியி தா, புதிய டகோன். லைங் தாயாருக்குத் தொழிற்சாலைகளும் வந்தன, புயலிலும் கடனிலும் வீடிழந்தவர்களும் வந்தார்கள். 2021 மார்ச் 14இல் இராணுவம் அங்கே தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளியது. அதே ஆண்டின் பிற்பகுதியில், தெருவோரக் குடிசைகளை உடைத்துக்கொண்டு வெளியேறு என்று உத்தரவிட்டது. அறிவித்தல் வந்தது, சில நாட்கள் அவகாசம், அவ்வளவுதான். குழு இல்லை, மண் பரிசோதனை இல்லை, மாற்று நிலம் இல்லை. ரத்தான ஐந்து திட்டங்களின் நிறுவனங்களுக்கு மாற்று நிலம் தருவதாகச் சொல்லப்பட்டது நினைவிருக்கட்டும்.

2016இல் ஆட்சிக்கு வந்த என்.எல்.டி. அரசாங்கமும் யாங்கூனில் ஏறத்தாழ 200 உயர் கட்டடங்களின் வேலையை நிறுத்தி மறுஆய்வு செய்தது. சிலவற்றுக்கு மாடி குறைக்கச் சொன்னார்கள். தேவையான வேலைதான். ஆனால் அங்கேயும் பேச்சு மாடிகளின் எண்ணிக்கை பற்றியதே.

இனி எங்கட ஊருக்கு வாறன். 'புனித இடம், மரபுரிமை, பாதுகாப்பு' என்ற சொற்கள் எங்களுக்குப் புதுசில்லை. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளுக்கென்று இலங்கை ஜனாதிபதி ஒரு செயலணி அமைத்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம். நியமித்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. தையிட்டியில், இராணுவம் பிடித்து வைத்திருந்த தமிழர் காணியில் விகாரை எழுந்தது. உரிமையாளர்கள் போயா தினங்களில் அதன் முன்னால் நின்று போராடுகிறார்கள். யாங்கூனில் கட்டடத்தை நிறுத்தப் பயன்பட்ட அதே சொற்கள், எங்கட இடத்தில் கட்டடம் எழுப்பப் பயன்படுகின்றன. ஆகவே சொற்களை நம்பி ஒரு பக்கம் நிற்க ஏலாது. காணி யாருடையது, யாரிடம் கேட்டார்கள், யார் வெளியேற வேண்டி வந்தது என்று கேட்டால்தான் இரண்டு இடங்களையும் ஒரே அளவுகோலால் பார்க்கலாம்.

ஷ்வேடகோனுக்குப் பக்கத்தில் கோபுரங்கள் வந்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினது சரி. லண்டனிலும் 1930களிலிருந்து சென் போல்ஸ் தேவாலயத்தின் காட்சியைக் காக்க உயர வரம்பு இருக்கிறது. எனக்கு அதில் பிரச்சினை இல்லை. கோபுரத்தின் காட்சிக்குக் கிடைக்கிற பாதுகாப்பு ஒரு குடியிருப்பாளரின் கதவுக்கும் கிடைக்க வேணும் என்பதுதான் என் வாதம்.

அது நடக்கக்கூடியது. செவன் சிஸ்டர்ஸ் நிலையத்துக்கு மேலே உள்ள வார்ட்ஸ் கோர்னர் சந்தையை உங்களில் பலருக்குத் தெரியும். பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் நடத்திய கடைகள். அதை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பெரிய நிறுவனம் வந்தது, கவுன்சில் அனுமதியும் கொடுத்தது. கடைக்காரரும் அயலவரும் எதிர்த்ததோடு நிற்கவில்லை. கட்டடத்தைத் திருத்தி சந்தையையும் வைத்திருக்கும் தங்கள் சொந்தத் திட்டத்தை வரைந்து, அதற்கு விண்ணப்பித்து அனுமதியும் எடுத்தார்கள். பல வருட இழுபறி. கடைசியில் 2021 ஓகஸ்டில் நிறுவனம் விலகியது. அந்த வெற்றியில் புனிதம் எதுவும் இல்லை. அரேப்பா சுடுகிற அக்காவும் முடி வெட்டுகிற அண்ணனும் 'நாங்களும் இந்த இடம்தான்' என்று கோப்பில் எழுத வைத்தார்கள்.

ஆகவே மூன்று வேலை சொல்லி முடிக்கிறேன். ஒன்று, உங்கள் பகுதிக் கவுன்சிலின் பிளானிங் அறிவித்தல்களை வாசியுங்கள். தெருக்கம்பத்தில் கட்டியிருக்கும் அந்த நனைஞ்ச தாள்தான். ஆட்சேபிக்கக் காலம் குறைவு, உங்கள் அம்மாவின் கடைக்காரச் சிநேகிதிக்கு அதைத் தமிழில் சொல்லுறதுக்கு நீங்கள்தான் இருக்கிறீங்கள். இரண்டு, எங்கள் பல்கலைக்கழகங்களும் ஓய்வூதிய நிதிகளும் யாருடைய நிலத்தில் முதலிடுகின்றன என்று எழுத்தில் கேளுங்கள். யாங்கூன் வாடகை ரோக்கியோ வழியாகப் போகலாம் என்றால் லண்டன் வழியாகவும் போகலாம். மூன்று, ஒரு கட்டடத்துக்கு எதிராகப் போராடும்போது பக்கத்தில் நிற்பவர் வேறு யாருக்கு எதிராகப் போராடுகிறார் என்று பாருங்கள். தேவையென்றால் தனியாக நிற்போம்.

அந்த ஐயாவோடு ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு தொடர்பு இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் இருக்குது. குடியிருந்தவன் எங்க போனான்? இனி நான் படிக்கிற ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் முதலில் தேடப்போவது அதற்கான பதிலைத்தான். நீங்களும் தேடுங்கோ.