ஒலிபெருக்கியும் வீட்டு அறையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நாங்கள் ஒலிநூல் வல்லுநர் அல்லோம். குடியிருப்பு வீட்டின் பன்னிரண்டடி அறையில் பட்டறிந்ததையே சொல்ல வந்துள்ளோம்.

ஒரு நாள் எங்கள் அன்னையார், “சத்தம் வருகிறது, சொல் வரவில்லையேப்பா” என்று குறைப்பட்டார். வங்கமும் இந்தியும் தெலுங்கும் ஒலிக்கும் இந்தக் கரக்பூரில் அவருக்குத் துணை பழைய தமிழ்ப் பாட்டுகளே. பள்ளியில் தமிழ் பயிலாத எங்கள் பிள்ளைகளும் காதால் கேட்டே தமிழ் வளர்க்க வேண்டியவர்கள். ஆதலின் அதனைச் சிறு குறையென்று தள்ள இயலவில்லை. கடைக்காரரோ பெரிய ஒலிபெருக்கிகள் வாங்கச் சொன்னார். பிராவிடண்ட் பண்டில் கடன் கேட்டு மனுவும் எழுதிவிட்டோம். கொடுக்குமுன் அறையை ஒருமுறை சோதித்தோம்.

முதலில் கம்பிகளைப் பார்த்தோம். சிவப்பு முனை சிவப்போடும் கறுப்பு முனை கறுப்போடும் சேர வேண்டும். ஒரு பெட்டியில் மாறிக் கிடந்தது. அவ்வாறு மாறினால் ஒரு பெட்டியின் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே செல்லும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும். குரல் நடுவில் நில்லாது.

அடுத்தது இடம். ஒரு பெட்டி பீரோவின் மேலும், மற்றது மூலையில் தரையிலும் இருந்தன. மூலைச் சுவர்கள் தாழ்ந்த ஒலியை மிகுவிக்கும். மிருதங்கம் முழங்கிச் சொல்லை விழுங்கும். இரண்டையும் சுவரிலிருந்து இரண்டடி முன்னே, ஆறடி இடைவெளியில், அமர்ந்திருப்பவர் காதின் உயரத்தில் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஆறடி தொலைவில் அன்னையாரின் நாற்காலி. மூன்றும் சமபக்க முக்கோணமாயின. பின்சுவரை ஒட்டிக் கிடந்த நாற்காலியும் அதனால் விலகியது.

மூன்றாவது எதிரொலி. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்வது. பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலிக்குச் சில மில்லிவினாடி பிந்தி வந்து அதனைக் கலக்கும். ஒருவர் நாற்காலியில் அமர, மற்றொருவர் பக்கச் சுவரோரம் கண்ணாடியை நகர்த்த வேண்டும். எங்கே ஒலிபெருக்கி தெரிகிறதோ அவ்விடமே ஒலி பட்டுத் திரும்பும் இடம். ஒரு பக்கம் புத்தக அலமாரியை நகர்த்தினோம். மறுபக்கம் கனத்த ஜமக்காளத்தை மடித்துத் தொங்கவிட்டோம். தரையிலும் ஒன்று விரித்தோம். மெல்லிய திரைச்சீலையால் பெரும்பயன் இல்லை.

இரு தட ஒலிப்பதிவுக்கு இங்கிலாந்தில் பிளம்லைன் என்பார் காப்புரிமை கோரியது 1931-இல். அவ்வகை இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்ததோ 1958-ஐ ஒட்டியே. அதற்கு முந்தைய பாட்டுகள் ஒற்றைத் தடத்தின. இரு பெட்டிகளிலும் ஒரே ஒலி வருவதால், குரல் நடுவிலுள்ள வெற்றிடத்தில் எழ வேண்டும். அங்ஙனம் எழுந்தால் அமைப்பு சரி என்று அறியலாம்.

அன்று மாலை அன்னையார் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார். எங்கள் மகள், “பாட்டி, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று வினவினாள். சொல் கேட்டால்தானே பொருள் கேட்க இயலும்!

கடன் மனு இன்னும் மேசை அறையிலேயே கிடக்கிறது. அன்பர்களே, பணத்தை எடுக்குமுன் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள்.