கண்ணாடித் தொட்டியில் வரிக்குதிரை மீன்
(மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வீட்டில் அழகு மீன் வளர்ப்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். எல்லா மீன்களைப் பற்றியும் பேசப் பொழுது போதாது. ஆகவே, வரிக்குதிரை மீன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைக்காரர்கள் இதனை ஜீப்ரா என்பார்கள். நீளம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மிகுதி. உடலின் நெடுகிலும் நீல வரிகள் ஓடும்.

இது நம் நாட்டு மீனே. கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும், குளங்களிலும், நெல் வயல்களிலும் வாழ்வது. கங்கை மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விவரித்திருக்கிறார். இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் இதனை வளர்க்கிறார்கள். வெயிலையும் ஓரளவு குளிரையும் தாங்கக்கூடியதாகையால், நம் வீடுகளில் தண்ணீரைச் சூடுபடுத்தும் கருவி தேவைப்படுவதில்லை.

குழந்தை கேட்கிறதென்று ஒரு மீனோ இரண்டு மீனோ வாங்குவது வழக்கம். அது தவறு. இது கூட்டமாக வாழும் பிறவி. தனித்து விட்டால் அஞ்சி ஒடுங்கும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் வலியது மெலியதை ஓயாமல் துரத்தும். ஆறுக்குக் குறையாமல், கூடுமானால் எட்டு அல்லது பத்து வாங்குங்கள். இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் கொள்ளும். பத்து மீன்களுக்கு அது போதும். துள்ளி வெளியே விழும் மீனாகையால் மூடி அவசியம்.

இனி, நான் பட்ட நஷ்டத்தைக் கூறுகிறேன். முதன்முதலில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்தேன். புதுத் தண்ணீர் ஊற்றிப் பன்னிரண்டு மீன்களை அன்றே விட்டேன். தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. பத்து நாட்களுக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைக்காரரைக் கடிந்துகொண்டேன், குற்றம் என்னுடையதே.

மீனின் கழிவிலிருந்தும் உண்ணாது கிடந்த தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. சரளைக் கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான்; நைட்ரேட்டால் வரும் கெடுதல் மிகக் குறைவு. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆதலால் வடிகட்டியை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி தூவி வாருங்கள். நண்பர் வீட்டில் நோயற்ற பழைய தொட்டி இருந்தால், அதன் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து காட்டும் சோதனைத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. இரண்டும் இல்லையென்று காட்டிய பின்னரே மீனை வாங்குங்கள்.

அதன் பிறகு வேலை அதிகமில்லை. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தைச் சேர்ப்பது இன்னும் உத்தமம். பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழந்தண்ணீரில் அலசினால் போதும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே இருக்கட்டும். விருந்தினர் வீட்டுப் பிள்ளைகளிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள்!

நன்கு பேணினால் விடியற்காலையில் முட்டையிடும். ஆனால், இட்ட முட்டையைத் தானே தின்னும். அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினால் முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பும். இரண்டு மூன்று நாளில் பொரியும். பெருகிய மீனை ஊர் ஏரியிலோ கிணற்றிலோ விட வேண்டாம். தொட்டிக்கென்று தென்னமெரிக்காவிலிருந்து வந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இப்போது நம் ஏரிகளில் வலையைக் கிழித்து மீனவர்களை வாட்டுகிறது. மிகுந்தவற்றை வளர்க்க விரும்பும் அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது பஞ்சில் ஒரு துண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.