பறையோடு வயலின் சேரலாமா?

(சிறுவாச்சூர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பறையோட வயலினைச் சேர்த்தா பறை கெட்டுப்போகும்னு நம்ம இளைஞர்களிடம் சிலர் சொல்லியிருக்காங்க. அதுக்கு முதல்ல ஒரு ரஷ்யக் கதை சொல்றேன்.

1927. ஷோஸ்டகோவிச்சுக்கு 21 வயசு. முதல் சிம்பொனியாலேயே பேர் வாங்கிவிட்டவர். இசை நடத்துநர் நிகோலாய் மால்கோ ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டுகிறார். வின்சென்ட் யூமான்ஸ் என்ற அமெரிக்கர் மேடை நாடகத்துக்குப் போட்ட 'டீ ஃபார் டூ'. ரஷ்யாவில் அதற்கு 'டாஹிட்டி ட்ராட்' என்று பேர். கேட்டதை வைத்தே ஒரு மணி நேரத்துக்குள் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதமுடியுமா என்று 100 ரூபிள் பந்தயம். முக்கால் மணியில் எழுதிக்கொண்டு வந்துட்டார் என்கிறார்கள். 1928இல் மாஸ்கோவில் அரங்கேறியது. கிடைத்தால் கேளுங்கள். மெட்டை ஒரே வாத்தியம் தூக்கிச் சுமப்பதில்லை. சின்ன மணி மாதிரி செலஸ்டா கொஞ்சம் வாங்கும், டிராம்போன் வழுக்கிக்கொண்டு வரும். கிண்டல் இருக்கு, பிரியமும் இருக்கு.

ஜாஸ் கறுப்பின மக்கள் பெற்றெடுத்த இசை. அதன் சாயலை எடுத்துப் பிராட்வேயில் காசாக்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்தக் கணக்கையும் நாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

1930 வாக்கில் பாட்டாளிகளின் பேரால் பேசிய இசைக்காரர்கள் இதுபோன்ற 'இலேசான' மெட்டுகளை அழுக்கு என்றார்கள். மால்கோவுக்கு அதை அனுமதித்தது அரசியல் பிழை என்று ஷோஸ்டகோவிச்சே எழுதிக்கொடுக்க வேண்டி வந்தது. அதே வருஷம் 'பொற்காலம்' பாலேயிலும் அந்த மெட்டு ஒலித்தது என்பது வேறு விஷயம்.

நம்ம பக்கம் வாங்க. பண்ணைப்புரத்து இளையராஜா அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1976இல் 'அன்னக்கிளி'. வயக்காட்டு மெட்டுக்கும் வயலின் கூட்டத்துக்கும் நடுவில் வேலி இல்லை என்று காட்டினார். 1986இல் பாக்கையும் தியாகராஜரையும் ஒரே தட்டில் வைத்து 'ஹவ் டு நேம் இட்'. 2025 மார்ச் 8, லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் அவருடைய முதல் சிம்பொனி 'வேலியன்ட்'டை வாசித்தது.

மேலேயிருந்து கீழே இறங்கி ஒரு மெட்டை எடுத்தா அது மேதையின் விளையாட்டு. கீழேயிருந்து மேலே போனா 'இது சிம்பொனிதானா' என்று சர்டிபிகேட் கேட்பார்கள். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகுதான்னு பார்ப்பது என் பிழைப்பு. இசைக்கு அப்படி மாதிரிக் கையெழுத்து யார்கிட்டே இருக்கு?

ஆகவே தூய்மை என்ற சொல்லோடு வருகிறவர்களிடம் உஷாரா இருங்க. கோயில் வாசலில் நம்மைத் தடுத்த சொல் அது. பறைக்குக் காவலா அதையே நிறுத்துறது என்ன நியாயம்?

வயலினைச் சேருங்கள், ஸ்வரம் எழுதப் படியுங்கள். பறையின் அடியை வயலினுக்காகக் குறைக்காதீங்க. வயலின்காரர்தான் அந்த அடியைக் கேட்டுப் பழகணும். நோட்டீசில் பறை அடிக்கிறவர்கள் பேர் முதலில் வரட்டும், கூலியும் சமமாக இருக்கட்டும். மிச்சத்தை ஒத்திகையில் பேசிக்கலாம்.