கம்பெனி வேலையா, சொந்தத் தொழிலா?

(ஆம்பூர் பகுதி குழுக்களின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் சுருக்கம்)



போன மாதம் ஒரு அக்கா குழுவில் கடன் கேட்டாங்க. ஷூ கம்பெனியில் 9 வருஷமா அப்பர் தைக்கிறாங்க. "சூப்பர்வைசர் பேச்சு தாங்கலை. வேலையை விட்டுட்டு, பி.எஃப். பணத்தையும் எடுத்து, இட்லி மாவு வியாபாரம் போடப் போறேன்" என்றார்கள். பாதிப் பேர் "செய்"ன்னாங்க, பாதிப் பேர் "வேணாம்"ன்னாங்க. நான் சொன்னது, "முதல்ல கணக்குப் போடுவோம்."

ஒரு பேச்சுக்குச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 75 பிடித்தது போக கையில் வருவது 8,725. ஆனால் முதலாளியும் நம்ம பேரில் 1,200-ம், இ.எஸ்.ஐ.க்கு 325-ம் கட்டணும். இது நம்ம கண்ணுக்குத் தெரியாத சம்பளம். குடும்பத்துக்கே வைத்தியம் உண்டு. 10 வருஷம் சர்வீஸ் முடிந்தால் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் வரும். அந்த அக்காவுக்கு இன்னும் ஒரே வருஷம்தான் பாக்கி!

இப்போ மாவு வியாபாரம். தினம் 900 ரூபாய்க்கு விற்று, அரிசி, உளுந்து, கரண்ட், கவர் என்று 550 போனால் மிச்சம் 350. 25 நாளைக்கு 8,750. பார்த்தால் சம்பளத்துக்குச் சமம். ஆனால் கடன் தவணை 2,500, கிரைண்டர் ரிப்பேருக்கு 500 எடுத்து வைத்தால் மீதி 5,750. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வருமானமே இல்லை.

அதுக்காகக் கம்பெனி வேலை நிரந்தரம்னு நினைச்சுடாதீங்க. 2020 ஊரடங்கில் நம்ம பக்கத்துக் கம்பெனிகள் மூடிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதும் தோல், ஷூ ஏற்றுமதி ஆட்டம் கண்டது. எங்கோ போடுகிற வரி, ஆம்பூரில் நம்ம அடுப்பைத் தொடுகிறது. ஒரே வருமானத்தை நம்பி இருப்பது ஆபத்துதான்.

இன்னொன்று. வீட்டில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் அப்பர் தைக்கிறவங்க, "நான் சொந்தத் தொழில் பண்றேன்"னு சொல்றாங்க. ரேட்டை யார் முடிவு பண்றது? ஏஜெண்ட். ஊசி, நூல், முதுகு வலி யாருக்கு? நமக்கு. அது சொந்தத் தொழில் இல்லை, பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் இல்லாத கம்பெனி வேலை. விலையை நாமே சொல்ல முடிஞ்சாதான் அது நம்ம தொழில். வீட்டில் தைக்கிறவங்க காலணி, தோல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பற்றிக் கேளுங்க. இ-ஷ்ரம் பதிவு இலவசம், உடனே செய்யுங்க.

தொழில் தொடங்கும் முன் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்:

1. யார் வாங்குவார்கள்? நம்ம தெருவில் ஏற்கெனவே எத்தனை பேர் விற்கிறார்கள்?
2. ஆறு மாதம் லாபம் இல்லாவிட்டாலும் தவணை கட்ட முடியுமா?
3. வீட்டில் ஒருத்தருக்காவது இ.எஸ்.ஐ. இருக்கிறதா?
4. நம்ம உழைப்புக்கும் கூலி சேர்த்துக் கணக்குப் போட்டோமா?

நான்குக்கும் பதில் இருந்தால் தைரியமா இறங்குங்க. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு. நம்ம பங்கு 5 சதவீதம் போட்டால் போதும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

அந்த அக்கா என்ன செய்தாங்க? பி.எஃப். பணத்தில் கை வைக்கலை. குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாவு விற்கிறாங்க. பென்ஷனுக்கு வருஷம் முடியட்டும், அதுக்குள்ள வாடிக்கை சேரட்டும்னு முடிவு. "இப்பல்லாம் சூப்பர்வைசர் திட்டினா பழைய மாதிரி அழறதில்லை மேடம், எனக்கும் ஒரு வழி இருக்கு"ன்னு சிரிக்கிறாங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் உங்கள் வரவு செலவை நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.