மைத்துனனுக்குப் போன மணிமுடி



கண்டி அரசன் யாரைக் கலியாணம் செய்தான் என்று திருகோணமலையில் நின்று ஏன் பேசவேண்டும்? அந்தக் கலியாணங்களின் விளைவு நமது துறைமுகம் வரைக்கும் வந்தது, அதனால்தான்.

1739இல் வீர நரேந்திரசிங்கன் இறந்தான். உனம்புவே பண்டார என்றொரு மகன் அவனுக்கு இருந்தான். ஆனால் அந்த மகனின் தாய் அரச குலத்தவள் அல்ல. சத்திரிய குலத்துப் பட்டத்தரசியின் வயிற்றில் பிறந்தவனுக்கே முடி என்பது கண்டி வழக்கம். அப்படியொரு அரசியை நரேந்திரசிங்கன் மதுரை நாயக்கர் குடும்பத்தில் எடுத்திருந்தான், அவளுக்குப் பிள்ளையில்லை. பெற்ற மகன் ஒதுங்கி நிற்க, அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் சிம்மாசனம் ஏறினான். அவனுக்கும் வாரிசில்லை. 1747இல் முடி அவனுடைய மைத்துனன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்குப் போனது.

உனம்புவே பண்டாரவுக்கு நடந்தது அநீதி என்றே நான் சொல்வேன். ஆனால் அதே வழக்கம்தான் கடலுக்கு அப்பால் பிறந்த கீர்த்தி ஸ்ரீயைச் சிங்கள மக்களின் அரசனாக்கியது. அவன் என்ன செய்தான்? இலங்கையில் பிக்குகளின் உபசம்பதா, அதாவது உயர் துறவேற்பு, மரபு அற்றுப்போயிருந்தது. அதை மீட்க அவன் இன்று தாய்லாந்து எனப்படும் சியாமுக்குத் தூது அனுப்பினான். 1753இல் உபாலி தேரரும் அவருடன் வந்த பிக்குகளும் கரையேறிய இடம் எது? இந்தத் திருகோணமலை! இங்கிருந்துதான் அவர்கள் கண்டிக்குப் போனார்கள். இன்றைய சியாம் நிகாயம் அவர்களால் உண்டானது. சைவச் சூழலில் வளர்ந்த ஓர் அரசன் பௌத்தத்துக்குச் செய்த இந்தத் தொண்டை இரண்டு இனமும் தத்தம் பிள்ளைகளுக்கு உரக்கச் சொல்லாமல் விட்டது எனக்கு ஆறாத வருத்தம்.

மைத்துனனுக்கு முடி போகும் அந்த வழக்கமே பின்னாளில் இரத்தமும் சிந்த வைத்தது. கீர்த்தி ஸ்ரீக்குப் பின் ஆண்ட ராஜாதி ராஜசிங்கன் 1798இல் வாரிசின்றி இறந்தான். முதலமைச்சன் பிலிமத்தலாவை, கண்ணுசாமி என்ற இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக்கினான். இறந்த அரசனுடைய அரசியின் சகோதரன் முத்துசாமி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். 1803இல் கொழும்பிலிருந்து ஒரு படையும் திருகோணமலையிலிருந்து ஒரு படையும் போய் அவனைக் கண்டியில் அமர்த்தின. சில மாதங்கள்தான். யூன் மாதம் கண்டியிலிருந்த ஆங்கிலேயப் படையின் தலைவன் மேஜர் டேவி சரணடைந்து திருகோணமலை நோக்கிப் புறப்பட்டபோது மகாவலி ஆறு வழி மறித்தது. வட்டபுளுவையில் முத்துசாமியைக் கண்டியரிடம் ஒப்படைத்தார்கள், அவன் கொல்லப்பட்டான். அவனை ஒப்படைத்த படையினரில் பெரும்பாலோரும் தப்பவில்லை.

இங்கே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உபாலி தேரர் நமது கரையில் இறங்கியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவரை வரவழைத்தவன் எந்த ஊர்க் குடும்பத்தவன், எந்தக் கலியாணத்தால் அரசனானான் என்பதையும் அதே பாடத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்.